டி.பார்ம் முடித்து வந்தவருக்குக் கோலாலம்பூர் மருந்தகத்தில் என்ன வேலை?

தங்கச்சி, தமிழ்நாட்டில் டி.பார்ம் (மருந்தியல் டிப்ளோமா) முடித்து பார்மசி கவுன்சிலில் பதிவும் வைத்திருக்கிறீர்கள், கணவர் மலேசியர், செந்தூலில் குடியிருக்கிறீர்கள், மருந்தக உதவியாளராகச் சேர என்ன வேண்டும், என்ன வேலை இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் நீங்கள் பார்மசிஸ்ட், அதாவது மருந்தாளுநர். இங்கே அந்தப் பெயர் அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பும் பயிற்சிக்காலமும் முடித்துப் பதிந்தவருக்கு மட்டுமே. டிப்ளோமாவை வைத்து அந்த இடத்துக்குப் போக வழியில்லை. அரசு மருத்துவமனைகளில் டிப்ளோமாக்காரருக்கு ‘பெனோலோங் பெகாவாய் பார்மசி’ (மருந்தக உதவி அதிகாரி) என்ற பதவி உண்டு, ஆனால் அரசுப் பணி குடிமக்களுக்குத்தான். உங்களுக்குத் திறந்திருப்பது தனியார் மருந்தகம். அங்கே உதவியாளருக்கு எஸ்.பி.எம். (இங்குள்ள பள்ளி இறுதித் தேர்வு) அளவுப் படிப்பையே பெரும்பாலும் கேட்பார்கள், தனிப் பதிவு தேவையில்லை. மருந்தின் பெயரும் அளவும் தெரிந்தவர் என்பதால் உங்கள் டிப்ளோமாவுக்கு நேர்காணலில் மதிப்பு இருக்கும்.

உங்கள் பாஸில், அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதியில், வேலை செய்ய ஒப்புதல் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். மலேசியரின் மனைவிக்குக் கிடைக்கும் நீண்டகால சமூக வருகை பாஸ் மட்டும் போதாது. குடிநுழைவுத் துறையிடம் வேலை ஒப்புதலைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். முதலாளி தரும் வேலைக் கடிதத்தோடு போங்கள். ‘முதலில் சேருங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் சேராதீர்கள். பிடிபட்டால் சிக்கல் உங்கள் பாஸுக்குத்தான்.

வேலையின் அடிப்படை ஒன்றே ஒன்று: எந்த இடத்தில் உங்கள் கை நிற்க வேண்டும் என்பது. 1952ஆம் ஆண்டு விஷப்பொருள் சட்டம் மருந்துகளைப் பிரித்து வைத்திருக்கிறது. ‘பி’ (B) பிரிவு, அதாவது ஆன்டிபயாட்டிக், நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்றவை, டாக்டர் சீட்டு இல்லாமல் வெளியே போகக் கூடாது. ‘சி’ (C) பிரிவுக்குச் சீட்டு வேண்டாம், ஆனால் மருந்தாளுநரே கொடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அரிப்புக்கான குளோர்பெனிரமின் அப்படிப்பட்டது. ஊரில் ஸ்ட்ரிப்பை வெட்டி அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்த பழக்கம் இருந்தால் அதை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். மருந்தாளுநர் சாப்பிடப் போயிருந்தால் அந்த இரண்டு பிரிவும் நகரக் கூடாது. வாடிக்கையாளர் கோபப்படுவார், படட்டும்.

இங்கே கிளினிக் டாக்டரே மருந்தும் கொடுத்துவிடுவதால் சீட்டோடு வருபவர்கள் குறைவு. ‘சளிக்கு ஏதாவது குடும்மா’ என்று வருபவர்களே அதிகம். அதனால் உங்கள் திறமை கேள்வி கேட்பதில் இருக்கிறது: யாருக்கு, வயது என்ன, கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா, வேறு என்ன மருந்து எடுக்கிறார், எதற்காவது ஒவ்வாமை உண்டா. மலாயில் ‘தாரா திங்கி’ என்றால் உயர் இரத்த அழுத்தம், ‘கென்சிங் மானிஸ்’ நீரிழிவு. இந்தச் சொற்களைச் சேரும் முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள். மூக்கடைப்பு மருந்து கலந்த சளி மாத்திரை அழுத்தத்தை ஏற்றும், அதனால் ‘தாரா திங்கி’ என்றவுடன் மருந்தாளுநரைக் கூப்பிடுங்கள். பனடோலும் சளி மாத்திரையும் சேர்த்து வாங்குபவரிடம் பெட்டியைத் திருப்பிக் காட்டுங்கள். இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கலாம். பெரியவருக்கு ஒரு நாளில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8, அதுவே எல்லை.

இன்னொன்றை அழுத்தியே சொல்கிறேன். கோலாலம்பூரில் டெங்கி எப்போதும் உண்டு. காய்ச்சலும் உடம்புவலியுமாக வந்து போன்ஸ்டான், இபுபுரூஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை கேட்டால் எடுத்துக் கொடுக்காதீர்கள். டெங்கியாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். மருந்தாளுநரிடம் அனுப்புங்கள், அவர் இரத்தப் பரிசோதனைக்குச் சொல்வார்.

சீட்டு வந்தால் மருந்தாளுநர் பார்த்த பிறகு நீங்கள் எடுத்து, எண்ணி, லேபிள் ஒட்டுவீர்கள். அவர் மறுபடி சரிபார்த்துத்தான் கையில் கொடுப்பார். ஊரில் டாக்டர்கள் எழுதும் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) முறை இங்கே இல்லை. ஓடி (OD) என்றால் ஒரு வேளை, பிடி (BD) இரு வேளை, டிடிஎஸ் (TDS) மூன்று வேளை, ஓஎன் (ON) இரவில். மாத்திரையைத் தட்டில் ஸ்பாட்டுலாவால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுங்கள். அடுத்த மருந்துக்கு முன் தட்டைத் துடையுங்கள், பென்சிலின் தூள் ஒட்டியிருந்தால் ஒவ்வாமைக்காரருக்கு ஆபத்து. லேபிளில் நோயாளி பெயர், மருந்தும் வலிமையும், ‘மாக்கான் 1 பீஜி, 2 காலி செஹாரி’ (ஒரு மாத்திரை, தினம் இரு வேளை) போன்ற அளவு, தேதி, கடைப்பெயர், முகவரி, ‘உபாட் தெர்கவால்’ (கட்டுப்படுத்தப்பட்ட மருந்து) என்ற வாசகம் எல்லாம் வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவருடைய மருந்து மட்டுமே மேசையில் இருக்கட்டும். தவறுகள் பெரும்பாலும் அலமாரியிலேயே தொடங்குகின்றன: அகர வரிசையில் மெட்ஃபார்மினும் மெட்ரோனிடசோலும் அக்கம்பக்கம் வந்துவிடும். பிரித்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைகளுக்கான பொடி சிரப்பில் ஆறிய கொதிநீரை ஒரேயடியாக ஊற்றினால் அடியில் கட்டி பிடித்து முதல் வேளை நீர்த்தும் கடைசி வேளை கெட்டியாகவும் போகும். கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி, பிறகு கோடு வரை ஊற்றுங்கள்.

காலையிலும் மாலையிலும் குளிர்பெட்டி வெப்பநிலையைக் குறிக்க வேண்டும், 2 முதல் 8 டிகிரி. இன்சுலினைக் கதவிலும் வைக்காதீர்கள், உறைபெட்டிச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்தது உருகினாலும் பயனில்லை. சரக்கு வரும்போது பேட்ச் எண், காலாவதித் தேதி, பெட்டியில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண், பளபளக்கும் பாதுகாப்பு ஸ்டிக்கர் நான்கையும் பாருங்கள். எண்ணில் இலக்கங்களுக்கு அடுத்து வரும் எழுத்து ‘டி’ (T) என்றால் பாரம்பரிய மருந்து. ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த தைலமும் லேகியமும் இந்த எண் இல்லாமல் அலமாரியில் ஏறக் கூடாது, தெரிந்தவர் கேட்டாலும்.

சம்பளம்: 2025இல் நிர்ணயித்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. விற்பனைக் கமிஷனைச் சேர்த்து அந்தத் தொகையைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரத்துக்கு 45 மணி நேரம்தான், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. பேரங்காடி மருந்தகங்கள் இரவு பத்து வரை திறந்திருக்கும், ஷிப்ட் நேரத்தை எழுத்தில் கேளுங்கள். நேர்காணலுக்குக் கடப்பிதழ், பாஸ், திருமணச் சான்று, டிப்ளோமா, கவுன்சில் பதிவு எல்லாவற்றின் அசலையும் நகலையும் கொண்டு போங்கள்.