ஆயா விட்டுப்போன 1918 தங்கக் காசு: என்ன விலை பெறும்?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆயா தவறிய பிறகு, அவர் தகரப் பெட்டியில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு தங்கக் காசு கிடைத்தது. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒருவர் பாம்பு மாதிரி எதையோ கொல்கிறார். கீழே 1918 என்று இருக்கிறது. சேட்டுக் கடையில் பழைய தங்க விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் பல லட்சம் போகும் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா, அனுப்பிவைத்தால் அங்கே விற்றுத் தருகிறேன் என்கிறார். அக்கா, நான், தம்பி மூவரும் பங்கு பிரிக்க வேண்டும். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: விலைக்குப் போவதற்கு முன் ஒரு வேண்டுகோள். காசை எதையும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். புளி வேண்டாம், பூந்திக்கொட்டை வேண்டாம், பாலிஷும் வேண்டாம். காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா என்னிடம் ஒரு காசு கொண்டுவந்தார். பளபளவென்று இருக்கட்டும் என்று முந்தின நாள் ராத்திரி பல்பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார். லென்ஸில் பார்த்தால் ராஜாவின் கன்னம் முழுக்க முடிபோல் மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக. நூறு வருஷம் கெடாமல் இருந்த முகம். சேகரிப்பவர் தரும் கூடுதல் விலை அதோடு போயிற்று. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

நீங்கள் சொல்லும் அடையாளப்படி அது பிரிட்டிஷ் சவரன். நகைக்கடையில் தினமும் காதில் விழும் ‘சவரன்’ என்ற சொல்லே இந்தக் காசின் பெயர்தான். ஒரு பவுண்டு மதிப்புள்ள காசு என்பதால் ‘பவுன்’ என்றும் ஆயிற்று. குதிரைமேல் இருப்பவர் புனித ஜார்ஜ், கீழே கிடப்பது டிராகன். ராஜா, ஐந்தாம் ஜார்ஜ்.

இனி எடை. புதிதாக அச்சடித்தபோது 7.988 கிராம், குறுக்களவு சுமார் 22 மில்லிமீட்டர், தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர். கைமாறிக் கைமாறித் தேய்ந்திருந்தால் 7.94 வரை இறங்கலாம். 8 கிராமைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள், அல்லது ஓரத்தில் வளையம் ஏதாவது பற்றவைத்திருக்கிறதா என்று பாருங்கள். அளவும் எடையும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்பதுதான் முக்கியம். இதே அளவில் பித்தளையில் செய்தால் 4 கிராம்கூடத் தேறாது. தங்கம் அவ்வளவு கனம். கடையில் காரட் மீட்டரில் வைத்தும் பார்க்கச் சொல்லலாம், அதனால் காசுக்கு ஒரு சேதமும் வராது. ஆனால் அது மேற்பரப்பைத்தான் காட்டும். முலாம் பூசியதும் அதில் தேறிவிடக்கூடும். அதனால்தான் எடையையும் அளவையும் விடாதீர்கள் என்கிறேன். உரைகல்லில் உரைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள்.

அடுத்ததுதான் உங்கள் காசில் ரொம்ப சுவாரசியமான இடம். 1918 என்ற எண்ணுக்குச் சற்று மேலே, குதிரை நிற்கும் தரையில், கடுகில் பாதி அளவுக்கு ஓர் ஆங்கில எழுத்து இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் காசைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். எழுத்து ‘ஐ’ என்றால் அது பம்பாயில் அச்சடித்தது. முதல் உலகப்போர் சமயத்தில் லண்டனின் அரசு நாணயச்சாலையான ராயல் மின்ட்டின் கிளை ஒன்று பம்பாயில் சில மாதங்கள் மட்டும் நடந்தது. அங்கே அடித்த சவரன்கள் சுமார் 13 லட்சம், எல்லாவற்றிலும் 1918 என்றுதான் இருக்கும். (நம் தங்கசாலைத் தெருவுக்கே பெயர் கொடுத்த மதராஸ் நாணயச்சாலையை 1869-லேயே மூடிவிட்டார்கள்.) ‘எஸ்’ என்றால் சிட்னி, ‘எம்’ மெல்போர்ன், ‘பி’ பெர்த், ‘சி’ கனடாவின் ஒட்டாவா. லண்டனில் அடித்த காசுக்கு எழுத்து கிடையாது. ஆனால் 1918-இல் லண்டன் சவரன் அடிக்கவே இல்லை. எனவே எழுத்தே இல்லாத 1918 காசு என்றால் உஷாராகிவிட வேண்டும். 1950, 60களில் பெய்ரூட் பக்கம் நிறையப் போலிச் சவரன்கள் செய்தார்கள். அவற்றில் பல நல்ல தங்கம்தான், அதனால் தங்க விலை கிடைக்கும். நாணய விலை கிடைக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உறவுக்காரர் யார் வீட்டிலாவது இருக்கலாம். அதே 1918-இல் பம்பாயில் 15 ரூபாய் தங்கக் காசு ஒன்றும் வெளிவந்தது. எடையும் தரமும் சவரனைப் போலவேதான். அதில் ராஜா கிரீடம் வைத்திருப்பார், குதிரை இருக்காது. சவரனில் வெறுந்தலை. அந்த 15 ரூபாய்க் காசுக்குச் சேகரிப்பவர்களிடம் சவரனைவிட நல்ல விலை உண்டு. அதைப் போய் உருக்கக் கொடுத்துவிடக் கூடாது.

சரி, விலைக்கு வருவோம். சவரன் 22 காரட். ஆகவே அன்றைய 22 காரட் கிராம் விலையைக் காசின் எடையால் பெருக்குங்கள். பேச்சுக்கு ஒரு கிராம் 10,000 ரூபாய், எடை 7.98 என்றால் 79,800 ரூபாய். இது உங்கள் அடிமட்டம். கடைப் பலகையில் இருப்பது அவர்கள் விற்கும் விலை; வாங்கும்போது கொஞ்சம் கழிப்பார்கள். எவ்வளவு கழிக்கிறார்கள் என்று சவுகார்பேட்டையில் இரண்டு மூன்று கடையில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அதற்கு மேல் கிடைப்பது எழுத்தையும் காசின் நிலையையும் பொறுத்தது. ராஜாவின் புருவமும் தாடி முடியும் தெளிவாக இருக்கிறதா, குதிரையின் தொடைச் சதை மழுங்காமல் இருக்கிறதா என்றுதான் வாங்குகிறவர் முதலில் பார்ப்பார். காசுமாலையில் கோத்திருந்து ஓரத்தில் பற்றவைத்த தழும்பு இருந்தால், அநேகமாகத் தங்க விலையோடு சரி. வளையம் இருந்தால் அப்படியே விடுங்கள், பிடுங்கினால் இன்னும் கெடும். எல்லாம் நன்றாக இருந்து எழுத்து ‘ஐ’யாகவும் இருந்தால் தங்க விலைக்கு மேல் ஓரளவு நிச்சயம் கிடைக்கும். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லும் பல லட்சம் இந்தக் காசுக்கு வராது. 13 லட்சம் அடித்த காசு அது. அப்படி விலை தருகிறேன் என்று போனில் யாராவது சொல்லி, பதிவுக் கட்டணம் முதலில் கட்டுங்கள் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கியே 2021-இல் எச்சரித்தது.

சித்தப்பாவுக்கு அனுப்பவே கூடாது. நூறு வருஷம் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருள் கணக்கில் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

பங்குக்கு விற்றுத்தான் ஆக வேண்டும் என்றில்லை. அக்கா காசை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், மூவரும் ஒரு நாள் குறித்து, மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். நாணயம் வாங்கி விற்கும் இருவரிடம் காட்டி, தங்க விலைக்கு மேல் என்ன தருவார்கள் என்று கேட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகையைக் கூட்டுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கை உங்களுக்கும் இன்னொரு பங்கைத் தம்பிக்கும் அக்கா கொடுத்துவிட்டால் போதும். காசு அதே மஞ்சள் துணியில் இருக்கட்டும்.