தாத்தா குடியிருந்த வீட்டைத் தேடும்போது

கேள்வி: தாத்தா பூதப்பாண்டி பக்கம் குடியிருந்தவர், சுதந்திரத்துக்கு முன்பே சென்னைக்கு வந்துவிட்டார். வீடு எந்த இடம் என்று தெரியவில்லை. 1110 தை மாதம் என்று போட்ட, மலையாள எழுத்தில் உள்ள ஒரு பத்திரம் மட்டும் இருக்கிறது. திருவனந்தபுரம் போய் ரிக்கார்டு எடுத்துத் தர ஒருவர் முப்பதாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். மூலப் பத்திரத்தை அவர் கண்ணில்கூடக் காட்ட வேண்டாம். பூதப்பாண்டி இருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் கேரளப் பக்கத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. அதைச் சொல்லித்தான் வெளியூர்க்காரர்களை மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். நீங்கள் முதலில் போக வேண்டியது பத்திரம் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்துக்கு.

1110 என்பது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. தை மாதம் என்பதால் 825 கூட்டுங்கள்: 1935. கணினி வில்லங்கத்தில் இவ்வளவு பழையது வராது. கையால் தேடச் சொல்லி மனு கொடுங்கள். பத்திரத்தில் உள்ள பதிவு முத்திரையில் எண்ணும் புத்தகமும் பக்கமும் இருக்கும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் நகலைக் கொடுத்து, பகுதி (வருவாய்க் கிராமம்), சர்வே நம்பர், விளையின் (தோட்ட நிலத்தின்) பெயர், நாலெல்லை இவற்றை மட்டும் எழுதி வாங்குங்கள். சர்வே நம்பர் பிறகு மாறியிருக்கும். புதிய நம்பரைத் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். ‘வடக்கு வாய்க்கால், கிழக்கு கோயில் வழி’ என்பது போன்ற எல்லையை வைத்து ஊர்ப் பெரியவர்கள் இடத்தைக் காட்டிவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நீங்கள் நாஞ்சில்நாட்டு வேளாளர் குடும்பமா? அப்படியானால் தாத்தாவின் அப்பா பெயரில் தேடிப் பலனில்லை. 1926-ல் சட்டம் வரும்வரை அங்கே மருமக்கள்வழி, அதாவது சொத்து பெண்வழியில் சகோதரி பிள்ளைகளுக்குப் போகும் முறை. சொத்து குடும்பத் தலைவரான காரணவர் பொறுப்பில் இருந்தது. அவர் பெரும்பாலும் தாய்மாமன். முன்னாதாரம் (முந்தைய பத்திரம்) அவர் பெயரில்தான் இருக்கும். அதனால் தாத்தாவுடைய அம்மாவின் குடும்பப் பெயர், மாமன்மார் பெயர் எல்லாவற்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சட்டத்துக்குப் பிறகு பாகம் பிரித்திருந்தால் பாகப்பத்திரத்தில் மொத்தக் குடும்பமும் வரிசையாக வரும். அது ஒன்று கிடைத்தால் போதும்.

அலுவலகத்தில் ‘பழசு எல்லாம் செல்லரித்துப் போச்சு’ என்பார்கள். அலமாரியைத் திறந்துகூடப் பார்க்காமல் சொல்கிற பதில் இது. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள். கட்டணம் கட்டி உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். இல்லை என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதுவும் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்.