26 அங்குலத்தில் 15 தோட்டா: வீட்டுப் பாதுகாப்புக்குச் சரிப்படுமா?

கேள்வி: டெக்சஸில் தனி வீட்டில் இருக்கிறோம். பாதுகாப்புக்கு கெல்-டெக் கேஎஸ்ஜி ஷாட்கன் வாங்கலாம் என்கிறார் கணவர். அளவில் சின்னது, 15 தோட்டா பிடிக்கும் என்கிறார்கள். எங்களுக்கு இது முதல் துப்பாக்கி. நம்பி வாங்கலாமா?
– வாசகி, ஆஸ்டின்

பதில்: அளவும் எண்ணிக்கையும் உண்மைதான். மொத்த நீளம் 26.1 அங்குலம், குழல் 18.5 அங்குலம். ஷாட்கன் என்றால் மொத்தம் 26, குழல் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்ற அமெரிக்க மத்தியச் சட்ட வரம்பை ஒட்டியே செய்திருக்கிறார்கள். சாதாரண பம்ப் ஷாட்கன் (முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னே தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) 38, 39 அங்குலம் வரும். குறுகலான நடையில், கதவு மூலையில் திரும்பும்போது அந்த ஓரடி வித்தியாசம் பெரிய உதவி. குழலுக்கு அடியில் இரண்டு குழாய்கள், ஒவ்வொன்றிலும் இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா ஏழு. சுடும் அறையில் (தோட்டா வெடிக்கும் இடம், சேம்பர்) ஒன்று சேர்த்தால் 15.

ஆனால் முதல் துப்பாக்கியாக இதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். ஒரு குழாய் தீர்ந்தால் அடுத்தது தானாக வராது. ட்ரிகருக்குப் பின்னால், அடிப்பக்கம் இருக்கும் நெம்புகோலை மறுபக்கம் தள்ளிவிட்டு மறுபடி பம்ப் செய்ய வேண்டும். பதற்றத்தில் அதை மறந்தால் வெற்று அறைமேல் ‘க்ளிக்’ சத்தம் மட்டும்தான். நெம்புகோல் நடுவில் நின்றுவிட்டால் இரண்டு குழாயிலிருந்தும் தோட்டா வராது.

அடுத்தது அரைகுறை பம்ப். துப்பாக்கி குட்டை என்பதால் முழங்கை மடங்கியே இருக்கும், கை முழுத் தூரம் பின்னால் வராது. சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழாமல் சிக்கிக்கொள்ளும். மற்ற பெரும்பாலான ஷாட்கன்களில் பக்கவாட்டில் திறப்பு இருக்கும், சிக்கியது கண்ணில் படும். இதில் திறப்பு பிடிக்குப் பின்னால், அடியில். கவிழ்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தோட்டா நிரப்புவதும் அதே வழியாகத்தான், இருட்டில் மிகவும் மெதுவாகும். பம்ப் பிடி குழல்வாய்க்குப் பக்கத்திலேயே இருப்பதால் கை வழுக்கி முன்னால் போகும் அபாயமும் உண்டு. வாங்கினால், பம்ப் பிடியின் அடியில் உள்ள ரெயிலில் (துணைச் சாதனங்கள் மாட்டும் தடம்) ஒரு செங்குத்துக் கைப்பிடியை முதல் நாளே மாட்டிவிடுங்கள். குறி பார்க்கும் சாதனமும் தனியாக வாங்க வேண்டும், துப்பாக்கியோடு வராது.

கணவர் இதுதான் வேண்டும் என்றால், வீட்டுப் பாதுகாப்புக்கு வைக்குமுன் ரேஞ்சில் இருநூறு தோட்டாவாவது சுடட்டும். காலி செய்வது, நெம்புகோல் தள்ளுவது, பம்ப் செய்வது மூன்றும் யோசிக்காமல் வர வேண்டும். அந்த அளவு பழக முடியாதென்றால் ஆறு, ஏழு தோட்டா பிடிக்கும் சாதாரண பம்ப் ஷாட்கனே மேல். வீட்டுக்குள் நடக்கும் சம்பவத்தில் பதினைந்தாவது தோட்டாவைவிட, முதல் இரண்டு சிக்காமல் வெளிவருவதுதான் முக்கியம்.

எந்த ஷாட்கனானாலும் சுடும் அறையைக் காலியாக வையுங்கள், தோட்டா குழாயில் மட்டும் இருக்கட்டும். பம்ப் ஷாட்கன்கள் பலவற்றில் கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் அமைப்பு கிடையாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சீக்கிரம் திறக்கக்கூடிய எஃகுப் பெட்டியில் பூட்டி வைப்பது கட்டாயம். பீரோவுக்கு மேலே, கட்டிலுக்கு அடியில் என்பதெல்லாம் ஒளித்து வைப்பதாகாது. பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: ஒரு குழாயில் பறவை வேட்டைத் தோட்டா, இன்னொன்றில் பக்ஷாட் (பெரிய குண்டுகள் உள்ள தோட்டா) என்று மாற்றி நிரப்பலாமா? அக்கம்பக்கத்துக்கு ஆபத்து குறையுமே?

பதில்: வேண்டாம். பறவைத் தோட்டாவின் பொடி பால்ரஸ் குண்டுகள், சதை போன்ற ஜெல்லில் சுட்டுப் பார்க்கும் எஃப்பிஐ சோதனையில் கேட்கப்படும் 12 அங்குல ஆழத்தைத் தொடாது. எந்தப் பக்கம் என்ன போட்டோம் என்று நடு இரவில் யோசிக்கும் நிலையும் வரக் கூடாது. இரண்டிலும் 00 பக்ஷாட் நிரப்புங்கள். ஒரு தோட்டாவில் சுமார் 8.4 மில்லிமீட்டர் பால்ரஸ் எட்டு அல்லது ஒன்பது இருக்கும். அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் சுவர்கள் அவற்றைத் தடுக்காது, அடுத்தடுத்த அறைகளுக்கும் பாயும். அதனால் பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள், எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதைப் பகலிலேயே வீட்டுக்குள் நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். ஷாட்கன் என்றால் குறி பார்க்க வேண்டாம் என்பதும் தவறு. அறைத் தூரத்தில் பால்ரஸ் ஒரு கையகல வட்டத்துக்குள்தான் விழும்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருப்பவர் வாங்கலாமா?

பதில்: பொதுவாகக் கூடாது. குடியேற்றம் சாராத விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை விதிக்கிறது. கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே இதற்கான கேள்வி உண்டு, பொய் சொன்னால் அது தனிக் குற்றம். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, நடப்பில் உள்ள வேட்டை உரிமம் இருந்தால் விசாக்காரருக்கும் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் அந்த விலக்கும் போய்விடும், வீட்டில் இருக்கும் துப்பாக்கியே வழக்காகிவிடும். வாங்குமுன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.