31 பேர் போதுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் மனநலச் செவிலியம் மேற்படிப்பு படிக்கிறேன். உளக்காயத்துக்கு யோகாவைச் சிகிச்சையாகத் தருவது பற்றிய ஒரு பண்புசார் ஆய்வை (எண்ணால் அளக்காமல், மக்களின் அனுபவத்தைக் கேட்டு ஆராய்வது) மதிப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 2017இல் அமெரிக்காவில் வெளிவந்த கட்டுரை. சிறுவயதிலிருந்தே வன்முறையை அனுபவித்த 31 பெண்கள் பத்து வாரம் யோகா வகுப்புக்கு வந்திருக்கிறார்கள், பிறகு அவர்களிடம் நேர்காணல். படிக்கும்போது அழுதுவிட்டேன். என் தோழியோ, "31 பேர் சொன்னதை வைத்து எதை நிரூபிப்பது? கதை மாதிரி இருக்கிறது" என்கிறாள். ஆய்வுகளின் தரத்தை மதிப்பிட உதவும் கேஸ்ப் (CASP) பட்டியலின் பத்துக் கேள்விக்கும் 'ஆம்' போட்டுவிட்டேன். ஆனாலும் ஏதோ உறுத்துகிறது.

சுகந்தி

அன்புள்ள சுகந்தி,

31 என்ற எண்ணை வைத்துத் தோழியோடு சண்டை போட வேண்டாம். யோகாவால் பலன் உண்டா என்று பார்க்க வேறு வகை ஆய்வு இருக்கிறது. பாஸ்டன் அருகே புரூக்லைனில் இருந்த டிராமா சென்டர் என்ற உளக்காயச் சிகிச்சை மையத்தின் மனநல மருத்துவர் பெஸ்ஸல் வான் டெர் கோல்க் குழு அதை 2014இல் வெளியிட்டது. எந்தச் சிகிச்சைக்கும் சரிவர மசியாத பிடிஎஸ்டி (உளக்காயத்துக்குப் பின் நீடிக்கும் மனநலப் பாதிப்பு) உள்ள 64 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு யோகா, மறு பாதிக்குப் பெண்கள் உடல்நலம் பற்றிய வகுப்பு. பத்து வாரம் கழித்து, கடைசியில் கணக்கில் வந்தவர்களில், யோகா குழுவில் 31 பேரில் 16 பேரும், மற்றதில் 29 பேரில் 6 பேரும் பிடிஎஸ்டி வரையறையைத் தாண்டி வெளியே வந்திருந்தார்கள்.

நல்ல எண்கள்தான். ஆனால் அந்த 16 பேருக்குள் என்ன மாறியது, மிச்சம் 15 பேருக்கு ஏன் அது நடக்கவில்லை என்பதை எண் சொல்லாது. அங்கேதான் உங்கள் கட்டுரைக்கு வேலை. எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பதைவிட யாரிடம், எப்படிக் கேட்டார்கள் என்று பாருங்கள்.

அந்த வகுப்பு நம் ஊர் யோகா வகுப்பு மாதிரி இருக்காது. ஆசிரியர் யாரையும் தொட்டுத் திருத்த மாட்டார். "கையைத் தூக்கு, மூச்சை இழு" என்ற கட்டளை கிடையாது. "விருப்பமிருந்தால் கையை உயர்த்திப் பார்க்கலாம், வேண்டாமென்றால் அப்படியே இருக்கலாம்" என்பார். தன் உடலின் மேல் இன்னொருவர் அதிகாரம் செலுத்திய அனுபவம் உள்ளவருக்கு, கண்ணை மூடி மல்லாந்து படுக்கும் சவாசனம்கூட ஓய்வாக இல்லாமல் பயமாக மாறலாம். அதனால்தான் இவ்வளவு கவனம். எனக்கு இந்த முறையின் மேல் மரியாதை உண்டு.

சிக்கலும் இதே இடத்தில்தான். பத்து வாரம் "உங்கள் விருப்பம்", "உங்கள் உடல் சொல்வதைக் கவனியுங்கள்" என்று கேட்டவர் நேர்காணலில், "எனக்கென்று விருப்பம் இருக்கிறது என்று உணர்ந்தேன்" என்கிறார். அவர் கண்டடைந்ததா, வகுப்பின் பேச்சே திரும்பி வருகிறதா? பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஒரு பேச்சுக்கு, "பல் டாக்டரிடம் பாதியில் நிறுத்தச் சொன்னேன், முன்னால் எனக்கு அது வந்ததே இல்லை" என்று ஒருவர் சொன்னால் நான் நிமிர்ந்து உட்காருவேன். அது வகுப்பில் சொல்லித் தந்த வாக்கியம் இல்லை. கட்டுரையின் மேற்கோள்களை இந்த இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் கட்டுரை நேர்காணல்களிலிருந்து பிரித்தெடுத்த ஐந்து கருப்பொருள்கள்: நன்றியும் கருணையும், உறவு, ஏற்பு, நிலைகொள்ளல், வலுப்பெறல். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கிரேஸ்' என்று வருகிறது. இவ்வளவு அழகாகப் பொருந்தினால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். தலைப்பு அளவில் ஐந்துமே நல்ல செய்தி. முதல் வகுப்பிலேயே எழுந்து போகத் தோன்றியவர், சலித்துப்போனவர், பழைய நினைவு கிளம்பித் தூக்கம் கெட்டவர், இவர்களுக்கு உள்ளே எத்தனை வரி கிடைத்திருக்கிறது? பாதியில் நின்றவர்களைத் தேடிப் போய்க் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் அதையே உங்கள் மதிப்பீட்டில் முதல் குறையாக எழுதலாம்.

கேஸ்பின் ஆறாவது கேள்விக்குத் திரும்பிப் போங்கள். ஆய்வாளருக்கும் பங்கேற்பாளருக்கும் உள்ள உறவை யோசித்தார்களா என்று கேட்பது அதுதான். மாணவர்கள் சட்டென்று 'ஆம்' போட்டுத் தாண்டிவிடுகிற கேள்வியும் அதுதான். கட்டுரை ஆசிரியர்களில் ஒருவரான ஜோசப் ஸ்பினசோலா, அந்த யோகா முறையை உருவாக்கிய அதே டிராமா சென்டரில் அப்போது இருந்தவர். அதில் குற்றம் ஒன்றுமில்லை, விஷயம் தெரிந்தவர்தானே ஆய்வு செய்வார். ஆனால் நேர்காணல் எடுத்தவர் யார், வகுப்பு நடத்தியவரா, வெளியாளா, பதிவைப் படித்துக் கருப்பொருள் பிரித்தவர் யார் என்பது தெரிய வேண்டும். கல்யாண வீட்டில் சமையல்காரரே வந்து சாப்பாடு எப்படி என்று கேட்டால் யார் உப்பு குறைவு என்று சொல்வார்கள்? கட்டுரையில் விடை இல்லையென்றால், பட்டியலில் 'சொல்ல முடியவில்லை' என்ற கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட வெட்கப்படாதீர்கள்.

இதை இங்கே பொருத்தலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டு முகாம்களில் 183 பேரை வைத்து மூச்சுப் பயிற்சி பற்றி ஓர் ஆய்வு நடந்தது, 2010இல் வெளியானது. பிடிஎஸ்டி மதிப்பெண் நன்றாக இறங்கியதாகச் சொன்னது. ஆனால் தனித்தனி ஆட்களைக் குலுக்கிப் பிரிக்கவில்லை, முகாம் முகாமாகப் பிரித்தார்கள். ஒரே நாளில் வீடும் பிள்ளையும் போனவரின் துயரமும், சிறுவயதிலிருந்து வருடக்கணக்காக அடிபட்டவரின் துயரமும் ஒன்றில்லை. 'நம் யோகா' என்ற பெருமிதத்தில் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்.

தோழிக்கும் ஒரு வேலை கொடுங்கள். இந்த மாதிரிக் கட்டுரைகளில் பெரும்பாலும் மேற்கோளுக்குப் பக்கத்தில் யார் சொன்னது என்று ஓர் எண்ணோ புனைபெயரோ இருக்கும். 31 பேரில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். பத்துக்குள் நின்றால், எண்ணிக்கை பற்றிய அவருடைய புகாரில் பாதி நியாயம்.