ஆட்டுச் சுவரொட்டி கொடுத்தும் ரத்தம் ஏறவில்லையே, டாக்டர்?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது, டெய்லர். ஹெபடைடிஸ் சி வந்து ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, இப்போது அரசு மருத்துவமனையில் மாத்திரை சாப்பிடுகிறார். சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் சேர்ந்த மாத்திரை ஒன்று, கூடவே ரிபாவிரின் காலையில் இரண்டு, ராத்திரி மூன்று. இது ஐந்தாவது வாரம். ஆரம்பத்தில் 12.6 இருந்த ஹீமோகுளோபின் போன வாரம் 9.7. தையல் மிஷினில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் துணி மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறார், ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார். மாதுளை, பீட்ரூட், முருங்கைக்கீரை, வாரத்தில் இரண்டு நாள் சுவரொட்டி, மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த இரும்புச்சத்து டானிக் என்று எல்லாம் கொடுத்தாச்சு. "இந்த மாத்திரைதான் என்னைக் கொல்லுது, நிறுத்திடப் போறேன்" என்கிறார். நிறுத்தலாமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: அவராக நிறுத்த வேண்டாம் அம்மா. ஆனால் அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்கே அந்த 9.7 ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓ.பி.க்குப் போங்கள்.

ஒரு விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது சரி, ரத்தம் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரைதான். ஆனால் ஐந்து மாத்திரையாகச் சாப்பிடுகிறாரே, அந்த ரிபாவிரின் மட்டும். அது ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் நுழைந்தால் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே சேர்ந்துகொண்டு போகிறது. அணுவின் சக்தி தீர்ந்து, மேல் சவ்வு கெட்டு, 120 நாள் ஓட வேண்டியது பாதியிலேயே வீணாகிறது. அப்படிக் கெட்டுப்போன அணுக்களைப் பிடித்து உடைக்கிற முக்கியமான இடம் எது தெரியுமா? மண்ணீரல். அதாவது ஆட்டில் நாம் சுவரொட்டி என்று தேடி வாங்குகிறோமே, அதே உறுப்பு.

சுவரொட்டியை நான் குறை சொல்லவில்லை, நல்ல புரதம், உப்பைக் குறைத்துச் சமைத்தால் சாப்பிடட்டும். ஆனால் இது இரும்பு போதாமல் வந்த ரத்தசோகை இல்லை. உடைகிற அணுவிலிருக்கும் இரும்பு உடம்பை விட்டு எங்கும் போவதில்லை, திரும்பவும் உள்ளேதான் சேருகிறது. ஹெபடைடிஸ் சி உள்ள பலருக்கு ஈரலில் ஏற்கெனவே இரும்பு கூடுதலாகவே இருக்கும். அதனால் உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் பார்க்காமல் அந்த டானிக்கைக் கொடுக்காதீர்கள். அதை நிறுத்தச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. இரும்பு சாப்பிட்டால் மலம் கறுப்பாகும். ஈரல் சுருங்கியவருக்கு உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வெடித்துக் கசிந்தாலும் மலம் தார் மாதிரி கறுப்பாகும். டானிக் குடித்துக்கொண்டிருந்தால் எது எதனால் என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் சட்டென்று தெரியாது. கசிவு என்றால் அது அன்றைக்கே அட்மிஷன் போட வேண்டிய விஷயம்.

சரி, இத்தனை தொல்லை தரும் ரிபாவிரினை ஏன் கொடுக்கிறோம்? உங்கள் கணவரைப் போல ஈரல் தளர்ந்துபோனவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. 12 வாரம் ரிபாவிரினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 94 சதவீதம் பேருக்கு வைரஸ் போனது, அது இல்லாமல் அதே 12 வாரம் கொடுத்ததில் 83 சதவீதம். அந்த வித்தியாசத்துக்காகத்தான். இதய நோய் இல்லாதவருக்கு ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் ரிபாவிரினை நாளுக்கு 600 மில்லிகிராமாகக் குறைப்போம், அதாவது மூன்று மாத்திரை. 8.5-க்குக் கீழே போனால் அதை நிறுத்துவோம். இதயக் கோளாறு இருந்தால் இன்னும் முன்னாலேயே குறைக்க வேண்டும், அதை மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் கணவர் இப்போது 9.7, அதனால்தான் நாளைக்கே போகச் சொல்கிறேன். ரிபாவிரினே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மற்ற மாத்திரையை 24 வாரத்துக்கு நீட்டுகிற வழியும் இருக்கிறது. எப்படியானாலும் சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் சேர்ந்த அந்தப் பெரிய மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. வைரஸைக் கொல்வதில் முக்கால்வாசி வேலை அதனுடையது.

குறைத்த மறுநாளே தெம்பு வந்துவிடாது. ரிபாவிரின் உடம்பை விட்டு லேசில் போகாது, வாரக்கணக்கில் ஆகும்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய வரிக்கு வருகிறேன். பகலில் தூக்கம், ராத்திரி விழிப்பு. இதை நீங்கள் ரத்தக்குறைவு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ரிபாவிரினும் தூக்கத்தைக் கெடுக்கும், உண்மைதான், ராத்திரி டோஸைச் சாப்பாட்டோடு கொஞ்சம் முன்னதாகப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் ஈரல் சுருங்கியவருக்கு இரவும் பகலும் இப்படித் தலைகீழானால், ஈரல் வடிகட்டாத கழிவு மூளையைத் தொடுகிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம். அவரை இரண்டு கையையும் முன்னால் நீட்டி, டிராஃபிக் போலீஸ் வண்டியை நிறுத்துவது போல மணிக்கட்டை மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். கை படபடவென்று தட்டினால் தாமதிக்காதீர்கள். இன்னொன்று, ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுகிறாரா, அளவைத் தப்பாக எழுதுகிறாரா? டெய்லர் வீட்டில் இது சீக்கிரமே தெரிந்துவிடும். மலச்சிக்கல் இருந்தாலே இது கூடும், மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் கொடுத்திருந்தால் நாளுக்கு இரண்டு மூன்று முறை வெளிக்குப் போகிறாரா என்று பாருங்கள். தூங்கவில்லையே என்று தூக்க மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், முதுகுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் கூடாது.

சாப்பாட்டில், கீரைக்கும் மாதுளைக்கும் ஓடுவதைவிட ராத்திரி படுக்கும் முன் இரண்டு இட்லியோ, ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமுமோ கொடுங்கள். ஈரல் சுருங்கியவர் ராத்திரி முழுக்க வெறும் வயிற்றில் கிடந்தால் உடம்பு தன் சதையையே கரைத்துச் செலவு செய்யும், சோர்வுக்கு அதுவும் ஒரு காரணம். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம், நீர் கோத்த வயிறு. தையல் வேலையைக் காலையில் தெம்பு இருக்கும்போது அரை அரை மணியாகச் செய்யட்டும். மிதி மிஷின் என்றால் கொஞ்ச நாளைக்கு மோட்டார் மாட்டிக்கொள்ளலாம்.

கண் லேசாக மஞ்சளானால் அணுக்கள் உடைவதாலும் இருக்கும், ஈரல் இன்னும் தளர்வதாலும் இருக்கும். மஞ்சள் நிறத்தைத் தருகிற பிலிருபினை ரத்தத்தில் வகை பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குள் யாராவது கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவருவார்கள், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ ஓ.பி. சீட்டுக்கெல்லாம் நிற்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

கேள்வி: ரிபாவிரினோடு சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, ஹீமோகுளோபின் 13-க்குத் திரும்பிவிட்டது. குழந்தைக்கு முயற்சி செய்யலாமா?
வாசகர், 34 வயது, திருநெல்வேலி

பதில்: இன்னும் இல்லை. ரத்தம் திரும்ப ஒன்றிரண்டு மாதம் போதும், ஆனால் ரிபாவிரின் கருவைப் பாதிக்கும் மருந்து. ஆண் சாப்பிட்டிருந்தாலும் முடிந்தபின் ஆறு மாதமாவது தள்ளிப்போட வேண்டும். அதற்குள், மாத்திரை முடிந்த 12-வது வாரத்தில் எடுக்க வேண்டிய வைரஸ் டெஸ்ட்டை எடுத்துவிடுங்கள். அதில் வைரஸ் இல்லை என்று வந்தால்தான் குணம் என்று அர்த்தம்.

கேள்வி: இதே ஹெபடைடிஸ் சி மாத்திரையோடு, தினமும் காலையில் போடும் கேஸ் மாத்திரையைத் தொடரலாமா?
வாசகி, மதுரை

பதில்: வெல்படாஸ்விர் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் எல்லாம் அந்த அமிலத்தைத்தான் குறைக்கின்றன. டாக்டர் அவசியம் என்று சொன்னால் ஒழிய வேண்டாம். கேஸுக்குக் குடிக்கும் பிங்க் நிற ஜெல் என்றால் நாலு மணி நேரம் இடைவெளி விட்டுக் குடியுங்கள்.