கொலாஜில் (காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்யும் படத்தில்) காகிதத்தில் சுருக்கம் விழாமலும், மேலே ஒட்டும் அடுக்குக் காகிதப் பூக்கள் உதிராமலும் இருக்க என்ன செய்வது?

சுருக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் பசையில் இருக்கும் தண்ணீர்தான். ஈரம் பட்டதும் காகித நார் உப்பி விரியும், காயும்போது சுருங்கும். அடித்தளம் மெல்லியதாக இருந்தால் அதையும் சேர்த்து வளைத்துவிடும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வாட்டர்கலர் தாளைவிட மெல்லியதை எடுக்காதீர்கள்; கேன்வாஸ் போர்டு இன்னும் நல்லது. முன்பக்கம் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) பூசினால் பின்பக்கமும் ஒரு கோட் பூசுங்கள், இழுப்பு சமமாகும்.

டிஷ்யூ, பழைய புத்தகத் தாள் போன்றவற்றை ஒட்ட மேட் மீடியம் (பளபளப்பில்லாமல் காயும் அக்ரிலிக் திரவம்) போதும். அடித்தளத்திலும் தாளின் பின்புறத்திலும் மெல்லிசாகத் தடவி, பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள், குமிழ் வெளியேறிவிடும். இன்க்ஜெட் பிரின்ட் வேண்டாம், மை கசியும். லேசர் பிரின்ட் தாங்கும்.

பூவுக்கு 200 ஜிஎஸ்எம் கார்டுஸ்டாக் (தடித்த தாள்) எடுங்கள். ஒரே வடிவத்தை 5, 4, 3 செ.மீ. அளவுகளில் வெட்டுங்கள். ஃபோம் துண்டின் மேல் வைத்து, உருண்டை முனைக் கருவியால் ஒவ்வொரு இதழையும் வட்டமாகத் தேய்த்தால் கிண்ணம்போலக் குழியும். மேல் இதழ் கீழ் அடுக்கின் இடைவெளியில் வரும்படி திருப்பி, நடுவில் மட்டும் பசை வையுங்கள். இதழ்வரை பூசினால் எல்லாம் தட்டையாகிவிடும், பிறகு அடுக்கியதற்கே அர்த்தமில்லை.

பூ விழுவது பெரும்பாலும் அவசரத்தால். அடித்தளத்தை மேட் மீடியத்தால் சீல் செய்து, ஓர் இரவு காயவிட்ட பிறகே ஒட்டுங்கள். 2 மி.மீ. ஃபோம் டேப் லேசான பூவுக்குச் சரி. பட்டன், உலோகத் துண்டுக்கு ஹெவி ஜெல்தான் (கெட்டியான அக்ரிலிக் ஜெல்). பூ ஒட்டியபின் மீடியம் பூசாதீர்கள், இதழ் தொய்ந்துவிடும்.