புருவ நடுவே விழுந்த கோடு: ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. கூட்டுறவு வங்கியில் வேலை. இரண்டு புருவங்களுக்கும் நடுவே ஆழமாக இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. சும்மா உட்கார்ந்திருந்தாலும், "ஏன் மேடம் கோபமா இருக்கீங்க?" என்று கவுண்ட்டரில் கேட்கிறார்கள். இன்னும் பத்து நாளில் மகள் கல்யாணம். நான் வழக்கமாகப் போகும் பார்லரில், போடாக்ஸ் ஊசி போட்டால் மறுநாளே கோடு போய்விடும் என்கிறார்கள். என் நாத்தனாரோ, "அது பாம்பு விஷம். முகம் மரத்துப்போய் சிரிப்பே வராது. பாதியில் நிறுத்தினால் சுருக்கம் இரண்டு மடங்காகும்" என்று பயமுறுத்துகிறார். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் வேண்டாம். அந்தப் பார்லரில் எப்போதுமே வேண்டாம்.

போடாக்ஸ் மறுநாளே வேலை செய்கிற மருந்து அல்ல. போட்டு மூன்று நான்கு நாளில் லேசாகத் தெரிய ஆரம்பித்து, முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். ஊசி குத்திய இடம் கன்றிப்போகலாம், தலைவலி வரலாம். சிலருக்கு மருந்து சற்றுக் கீழே பரவி ஒரு கண்ணிமை தொங்கிப்போகும். சில வாரங்களில் அது தானாகச் சரியாகிவிடும் என்றாலும், மணமேடையில் அப்படி நிற்க யாருக்கும் மனம் வராது. இதுபோன்ற விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்வதுதான் சரி.

"மறுநாளே" என்ற அந்த வார்த்தைதான் எனக்குக் கவலை தருகிறது. உடனடியாகப் பலன் காட்டுவது ஃபில்லர் என்கிற வேறொரு ஊசி. போடாக்ஸ் தசையைத் தளர்த்தும். ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஏராளம், ஆனால் ஆபத்தில் இரண்டும் ஒன்றல்ல. புருவ நடுவில் ஓடும் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் ரத்தக் குழாயோடு தொடர்புள்ளவை. ஃபில்லர் தவறி அதற்குள் போனால் பார்வையே பறிபோகலாம். அந்த இடத்தில் ஃபில்லர் போட அனுபவமுள்ள டாக்டர்களே தயங்குவார்கள்.

இனி நாத்தனார் சொன்னவை. பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நச்சு இது. கெட்டுப்போன டப்பா உணவு வழியாக உடம்புக்குள் போனால் உயிரையே எடுக்கும். அதனால் விஷம் என்று அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மருந்தில் அளவுதான் எல்லாம். புருவ நடுக் கோட்டுக்கு போடாக்ஸில் அங்கீகரிக்கப்பட்ட அளவு 20 யூனிட். பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் இறுகிப்போனவர்களுக்கு இதே மருந்தை 400 யூனிட் வரை போடுகிறார்கள். முதன்முதலில் இது மருந்தானதும் அழகுக்காக அல்ல, மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான். அமெரிக்காவில் அதற்கு 1989-ல் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸ் இமைத் துடிப்புக்கு இந்த ஊசியைப் போட்டபோதுதான், புருவ நடுக் கோடும் மறைவது தெரியவந்தது. அவரும் தோல் மருத்துவரான அவர் கணவர் அலஸ்டேரும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கோட்டுக்கான அமெரிக்க அனுமதி 2002-ல்தான் வந்தது.

முகம் மரத்துப்போகாது. தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பு அனுப்பும் தகவலை மட்டும்தான் இது தடுக்கிறது. தொட்டால் உணர்வு அப்படியே இருக்கும். சிரிப்புக்கான தசைகள் கன்னத்திலும் வாயைச் சுற்றியும் இருக்கின்றன, புருவ நடுவில் போடும் ஊசி அங்கே போகாது. சிலரின் முகம் பொம்மை மாதிரி ஆவதற்குக் காரணம் அளவுக்கு மீறிப் போடுவது. நிறுத்தினால் சுருக்கம் இரண்டு மடங்காகும் என்பதும் பொய். மூன்று நான்கு மாதத்தில் மருந்தின் வேலை முடிந்து தசை மறுபடி இயங்கும், கோடு பழைய நிலைக்கு வரும். நாலு மாதம் வழுவழுப்பான நெற்றியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. சும்மா இருக்கும்போதும் கோடு தெரிகிறது என்கிறீர்கள். முகம் சுளித்தால் மட்டும் விழும் கோட்டுக்குத்தான் இந்த ஊசி நன்றாகக் கேட்கும். தோலிலேயே பதிந்துவிட்ட கோடு ஆழம் குறையும், முழுசாக மறையாமல் போகலாம். இதை முன்கூட்டியே சொல்கிற டாக்டரை நம்புங்கள்.

சரி, யாரிடம் போவது? எம்.டி. தோல் மருத்துவம் படித்தவரிடம் போங்கள். உங்களை முகம் சுளிக்கச் சொல்லி, தசை எங்கே திரள்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்து, புள்ளி வைத்து, மெல்லிய ஊசியால் ஐந்து இடத்தில் போடுவார். பத்து நிமிட வேலை. மருந்துக் குப்பியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். போடாக்ஸ் குப்பி ஏறக்குறைய காலியாகத்தான் தெரியும், அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் மட்டும் இருக்கும். அதை சலைன் விட்டுக் கரைப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி யூனிட் கணக்கு மாறும் என்பதால் எந்தப் பெயர் மருந்து, எத்தனை யூனிட் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2024-ல் அமெரிக்காவில் போலி மருந்தாலும், பயிற்சியில்லாதவர்கள் வீடுகளிலும் ஸ்பாக்களிலும் போட்ட ஊசியாலும் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பார்லர் வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான். (பார்லர்களில் 'ஹேர் போடாக்ஸ்' என்று செய்வதில் இந்த மருந்தே கிடையாது. அது முடிக்கான கண்டிஷனிங். போடாக்ஸ் க்ரீம் என்று விற்பதற்கும் காசைக் கொட்டாதீர்கள், தோலின் மேல் தடவினால் உள்ளே இறங்க முடியாத அளவுக்குப் பெரிய மூலக்கூறு இது.)

தைராய்டு மாத்திரை இதற்குத் தடையில்லை, ஆனாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இருந்தால் அதையும் சொல்லுங்கள். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி ஆகாது, கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். போட்ட பிறகு நாலு மணி நேரம் குப்புறப் படுக்காதீர்கள், அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்.

கவுண்ட்டரில் தினம் தினம் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சலித்துப்போய் இதை விரும்புகிறீர்கள். அதில் கூச்சப்பட எதுவுமில்லை. உங்கள் முகம், உங்கள் சம்பளம், முடிவும் உங்களுடையது. ஆனால் கணவரிடமோ மகளிடமோ சொல்லிவிட்டே போட்டுக்கொள்ளுங்கள். அபூர்வமாக, ஊசி போட்ட சில மணி நேரத்திலிருந்து சில வாரங்களுக்குள் விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிவது, மூச்சுத் திணறல் வரலாம். அப்போது உங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர், என்ன ஊசி, என்றைக்குப் போட்டது என்று அங்கே உடனே சொல்லியாக வேண்டும்.